கசக்காத வேர்

எள்ளை அறுத்துக் கட்டி நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காய்களெல்லாம் வெடித்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. இன்னும் இரண்டு நாள் விட்டால் டிசம்பர் காற்றே உதறிக் கொட்டிவிடும். அப்புறம் எறும்புதான் அறுவடை செய்யும். இதெல்லாம் அபாலோவுக்குத் தெரியும், அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? அவர்கள் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேர் குடிக்கவேண்டும், குடித்துச் சமாதானம் ஆகவேண்டும், திங்கட்கிழமை நீதிபதி உட்காரும்போது காகிதம் அவர் மேசையில் இருக்கவேண்டும்.

அதனால் வியாழக்கிழமை விடிந்ததும் அபாலோ களத்தில் இறங்கிவிட்டாள். தார்ப்பாயை விரித்து, கட்டைத் தலைகீழாகப் பிடித்து, குச்சியால் நாலு தட்டுத் தட்டினால் எள் சலசலவென்று கொட்டியது. தனியாக எவ்வளவு தட்டமுடியும்? பத்து மணிக்கு மகள் லாகோட் வந்து சேர்ந்தாள். எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மஞ்சள் கேனில் தன் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்து வந்திருந்தாள்.

"இந்த வயித்த வெச்சுக்கிட்டு உன்ன யாருடி வரச்சொன்னா?"

"நீ ஒண்டியா கெடந்து சாவியேன்னு வந்தேன். கட்ட இப்படிக் குடு."

தாயும் மகளும் ஒரே களத்தில் வேலை செய்யலாம். அதற்குத் தடையில்லை. ஆனால் தாயின் கேன் களத்தின் இந்த மூலையிலும் மகளின் கேன் அந்த மூலையிலும்தான் இருக்கவேண்டும். ஒன்றை மற்றவள் தொடக்கூடாது. லாகோட் வாழ்க்கைப்பட்ட குலத்தைச் சேர்ந்தவன்தான் அவள் அப்பன் ஓஜாராவை அடித்துக் கொன்றவன். வேறு யாருமில்லை, அவள் கணவனின் அண்ணன் கிலாமா. ரத்தம் விழுந்த இரண்டு குலத்தார், ஓபுட் மரத்து வேரை அரைத்து ஒரே சுரைக்குடுவையில் குடிக்கும்வரை, ஒருவர் பானையில் மற்றவர் உண்ணவோ குடிக்கவோ கூடாது. மீறினால் செத்தவன் சும்மா இருக்கமாட்டான், குழந்தைகளைத் தொட்டுவிடுவான். லாகோட்டுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டன. ஐந்து வருஷமாக மகள் வீட்டு வாசலில் அபாலோ ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மகள் பிரசவத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் இல்லை.

உச்சி வெயிலில் லாகோட்டின் கேனைக் காற்று உருட்டிவிட்டது. மூடி சரியாக முடுக்காத கேன், பார்க்கப் பார்க்கத் தண்ணீரெல்லாம் புழுதியில் இறங்கிவிட்டது. அவள் உதடு வெடித்துப்போய் நின்றாள். தாயின் கேன் பத்தடி தூரத்தில், ஈரத்துணி சுற்றி, முக்கால்வாசி நிறைந்து இருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அடிபம்புக்குப் போய்ட்டு வரேன்" என்றாள் லாகோட். அடிபம்பு அரை மைல்.

"போகாத, நெழல்ல உக்காரு. நான் போறேன். உன் கேனக் குடு."

"தொடாதம்மா!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தபடி அபாலோ எள்ளைத் தட்டினாள். தட்டிய தட்டில் காய் காம்போடு முறிந்து விழுந்தது.

திரும்பி வந்து நிழலில் உட்கார்ந்ததும் லாகோட் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, நாளைக்கி அங்க வந்து எதையும் கெளறாத. குடுக்கறதக் குடிச்சிட்டு எந்திரி."

"கெளறாம எப்படிடி? அவன் வாயத் தொறந்து 'ஓஜாரா திருடன் இல்ல'ன்னு ஊரறியச் சொல்லட்டும். அப்புறம் வேரென்ன, வெஷத்தக் குடுத்தாலும் குடிக்கறேன்."

"சொல்லுவாரு. கேப்பாங்க இல்ல? கேக்காம வேரு அரைப்பாங்களா?"

"அதான். கேக்காம அரைக்க முடியாது."

ஐந்து வருஷத்துக்கு முன்னால், உழவு சமயத்தில், ஓஜாராவின் எருது காணாமல் போயிற்று. மேஜர் என்று பெயர். அந்தச் சுற்றுவட்டத்தில் அவ்வளவு திமிரான பெயர் வேறு எந்த மாட்டுக்கும் இல்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அதைத் தேடிப்போனவனைக் கிலாமா மண்வெட்டிக் காம்பால் அடித்துப் போட்டான். "மாட்டுத் திருடன், எங்க தொழுவத்துக்கிட்ட நின்னான்" என்று சொன்னான். திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அடுத்த நாள் மேஜர் தானாக வீட்டுக்கு வந்து நின்றது. அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

கிலாமா தானே போய் போலீஸில் உட்கார்ந்தான். வழக்கு நான்கு முறை கூப்பிடப்பட்டது. ஒரு முறை நீதிபதி வரவில்லை. ஒரு முறை வழக்குக் கட்டு கிடைக்கவில்லை. கட்டு கிடைத்தபோது நீதிபதிக்கு மாற்றல். நாலாவது முறை எல்லாம் இருந்தன, சிறை வண்டிக்கு டீசல் இல்லை. இப்படி ஐந்து வருஷம் தும்பை விட்டுவிட்டு, இப்போது வாலைப் பிடிக்க ஒரு திட்டம் வந்திருந்தது. பழைய வழக்கப்படி இரண்டு குடும்பமும் சமாதானமானால், நீதிமன்றம் தண்டனையைக் குறைத்து, இருந்த வருஷங்களைக் கழித்து, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும். கட்டும் குறையும், சிறையில் இடமும் ஆகும். அதை நடத்திவைக்க நமுகாசா என்ற மேடம் தெற்கேயிருந்து வந்திருந்தாள். நல்ல பெண். மூன்று வருஷத்தில் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவள், வயதானவர்களைக் கண்டால் மண்டியிட்டு வணங்குகிறவள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தொலைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கிலாமாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜெனரேட்டர், 'மன்னிப்போம், முன்னேறுவோம்' என்று எழுதிய துணி. அதே எழுத்துப் போட்ட பனியன்களை எல்லாருக்கும் கொடுத்தார்கள். வேர்ச் சடங்குக்கு மூன்றாம் குலத்திலிருந்து வரும் நடுவர் ஓகிடி, எழுபத்தைந்து வயது மனிதர், சட்டைக்கு மேலேயே பனியனை மாட்டிக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தார். முன்னெல்லாம் அவர் இரண்டு குலத்துக்கும் நடுவே மாசக்கணக்கில் நடப்பார். இவர்கள் சொன்னதை அங்கே, அவர்கள் சொன்னதை இங்கே. இரண்டு வாயும் ஒரே கதையைச் சொல்லும் நாள் வந்த பிறகுதான் வேரைத் தோண்டச் சொல்வார். இந்தத் தடவை அவர் இரண்டு நடைதான் நடந்திருந்தார். வேரைக்கூட ஆபீஸ் ஆட்களே அரைத்து, மூடி போட்ட வாளியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் செம்மறி, இரண்டும் வெட்டப்படக் காத்திருந்தன. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினருக்காகப் பன்னிரண்டு மணிவரை மனிதர்களும் காத்திருந்தார்கள். சிறைக்காவலர் கிலாமாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். சிறையில் கொடுத்த மஞ்சள் சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. அபாலோவுக்கு அடையாளமே தெரியவில்லை. எருது மாதிரி இருந்த பயல், வற்றி, எலும்பும் தோலுமாக இருந்தான். அவள் பார்வை பட்டதும் திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்தான்.

"விருந்தினர் வர்றதுக்குள்ள பேச்ச முடிச்சிடலாம்" என்று ஓகிடி எழுந்தார். "கிலாமா, எந்திரி. உன் கையில ரத்தம் இருக்கு. எப்படி வந்துச்சு? மொதல்லேருந்து சொல்லு. மறைச்சா வேருக்குத் தெரியும்."

கிலாமா எழுந்தான். "பெரியவரே… அன்னிக்கு மாடு…"

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று நமுகாசா மேடம் குறுக்கே வந்தாள். "மன்னிக்கணும் பெரியவரே. இவர் இங்க பேசக்கூடாது. வழக்கு இன்னும் முடியல. இங்க சொல்றது ஒவ்வொண்ணும் நாளைக்கு கோர்ட்ல இவர் கழுத்துக்கே வரும். வக்கீல் கண்டிப்பா சொல்லி அனுப்பியிருக்கார். நடந்ததெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டது. நான் படிக்கிறேன்."

"தாள் பேசுமாம்மா?" என்றார் ஓகிடி. "கொன்னது தாளா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேடமும் பாவம், சிரித்தாள். பிறகு படித்தாள். "மாடு சம்பந்தமான தகராறில் ஏற்பட்ட கைகலப்பில், உள்நோக்கம் இல்லாமல், மரணம் சம்பவித்தது."

அபாலோ எழுந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அந்தத் தாளுல எம் புருஷன் திருடன்னு இருக்கா, இல்லன்னு இருக்கா?"

"ரெண்டும் இல்லம்மா. தகராறுன்னு மட்டும்தான் இருக்கு."

"யாரு மாடுன்னு இருக்கா?"

"அது… எழுதல."

"யாரு தொழுவத்துல?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான்ம்மா எழுதியிருக்கீங்க?"

கிலாமாவின் தாய் அடியெரோ நாற்காலியிலிருந்தபடியே சத்தம் போட்டாள். "எழுதாததே உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுக்க சம்பந்தி! அவன் பொழுது சாஞ்சதும் எங்க தொழுவத்துக்கிட்ட என்ன வேலையா வந்தான்னு எழுதச் சொன்னா எங்க போய் மொகத்த வெச்சுப்ப?"

"உம் புள்ளயக் கேளு! அவன் வாயத் தொறக்கட்டும், கேக்கறேன்!"

"தொறக்கவிடாதது நானா? அரசாங்கம்!"

அதுவும் நியாயம்தான். அபாலோ கிலாமாவைப் பார்த்தாள். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. காவலர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். ஓகிடி கைத்தடியை எடுத்துக்கொண்டு, "இது எனக்குத் தெரிஞ்ச ஓபுட் இல்ல, நான் கெளம்பறேன்" என்றார். அந்த நேரம் பார்த்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இரண்டு வண்டிகள் வந்து நின்றன. விருந்தினர் இறங்கினார். கேமராக்காரன் ஓடினான். கிளம்பிய ஓகிடியின் கையைப் பிடித்து விருந்தினர் குலுக்க, கிழவர் சரிந்து மறுபடி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உரை முக்கால் மணி நேரம். நம் முன்னோர் எவ்வளவு பெரிய அறிவாளிகள் என்று விருந்தினர் சொன்னார். முன்னோர் சொன்னதைச் செய்ய நேரமில்லை என்று அவர் உதவியாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

லாகோட் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு தாய்க்கு என்ன சொல்லவேண்டும்? அபாலோ போய்க் குடுவையின் முன் மண்டியிட்டாள்.

எதிரே கிலாமா மண்டியிட்டான். இருவர் கையும் முதுகுக்குப் பின்னால். தலையோடு தலை முட்ட, ஆடுகள் குட்டையில் குடிப்பதுபோல் குனிந்து வாய் வைக்கவேண்டும். சின்ன வயதில் தன் மாமன் இந்த வேரைக் குடித்ததை அபாலோ பார்த்திருக்கிறாள். கசப்பில் கண் பிதுங்கி, நாக்கு உள்ளே இழுத்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். கொலைக்கு அதுதான் விலை, இரண்டு பக்கமும் கசக்கவேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள்.

இனித்தது.

கல்யாண வீட்டுத் தேநீர் மாதிரி நாக்கில் வழவழவென்று இனித்தது. அடியில் எங்கேயோ ஒரு துவர்ப்பு, அவ்வளவே. அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு சாண் தூரத்தில் கிலாமாவின் கண்கள் பீதியோடு விரிந்திருந்தன. சுற்றிலும் கைதட்டல்.

"அப்படியே இருங்க!" என்று கேமராக்காரன் கத்தினான். "விருந்தினர் தொப்பி மறைக்குது. தலைய எடுக்காதீங்க, இன்னும் ரெண்டு!"

தலைகள் முட்டியபடியே இருந்தன. ஐந்து வருஷத்தில் முதன்முறையாக அவர்கள் இருவரும் தனியாக இருந்தார்கள்.

"அத்த, இது கசக்கல" என்றான் கிலாமா, உதடு அசையாமல்.

"கசக்கல."

"அப்ப இது ஒட்டாது. செத்தவரு என்ன விடமாட்டாரு. செறையில தெனமும் குரல் கேக்குது அத்த. மேஜர், மேஜர்னு."

"என்னடா சொல்ற?"

"மாடு எங்க தொழுவத்துலதான் இருந்துச்சு. நான்தான் கட்டிவெச்சிருந்தேன். உழவுக்குக் கேட்டேன், ஊர் முன்னால சோம்பேறின்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்த ஆத்திரம். ரெண்டு நாள் உழுதுட்டு விட்டுடலாம்னு… அவரு பாதையில நின்னு மேஜர்னு கூப்பிட்டாரு. உள்ளேருந்து மாடு பதில் குடுத்துச்சு அத்த. அவரு குரல் எனக்குத் தெரியும். யாருன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்."

"போதும், எழுந்திரிங்க!" என்றான் கேமராக்காரன்.

காவலர் அவனைத் தூக்கினார். அபாலோ தானாக எழுந்தாள். ஆட்டையும் செம்மறியையும் அறுக்க இழுத்துப் போனார்கள். அவள் நேராக மேடத்திடம் போனாள்.

"வேருல என்ன கலந்தீங்க?"

நமுகாசா தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. போன மாசம் வேற ஊர்ல விருந்தினர் மரியாதைக்கு ஒரு வாய் குடிச்சு, எல்லார் முன்னாலயும் வாந்தி எடுத்துட்டார். அதனால கொஞ்சம் சர்க்கரை. வேர் நிஜ வேர்தான், சத்தியமா."

"சரி, போகட்டும். அவன் இப்பச் சொல்லிட்டான். மாட்ட ஒளிச்சு வெச்சவன் அவன்தான். எம் புருஷன்னு தெரிஞ்சே அடிச்சிருக்கான். எழுதிக்கங்க."

மேடம் அவளைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். பேனாவைக் கையில் எடுத்தாள், உடனே எழுதவில்லை.

"அம்மா, இத எழுதினா இது கைகலப்பு இல்ல. தெரிஞ்சே செஞ்ச கொலை. சமரசம் ரத்தாகிடும். அவர் சாகிற வரைக்கும் உள்ளதான். திரும்ப வழக்கு, திரும்ப சாட்சி, எத்தன வருஷமோ. இன்னைக்கு குடிச்சதும் குடிக்காத கணக்குதான்." கொஞ்சம் தயங்கினாள். "உங்க பொண்ணு இந்த வீட்டுல இருக்கா. அவளுக்கு எப்ப நாள்?"

"அடுத்த மாசம்."

"நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா எழுதறேன். எழுதட்டுமா?"

ஐந்து வருஷமாக எந்த நீதிபதியும், எந்தக் கட்டும், எந்த ஆபீசும் அபாலோவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது மொத்தத் தீர்ப்பையும் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, டிரைவர் ஹாரன் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, சீக்கிரம் சொல் என்கிறார்கள். செத்தவனின் பெயர் வேண்டுமா, பிறக்கப்போகிற உயிர் வேண்டுமா?

அடுப்படியில் லாகோட் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ எதையோ சொல்ல, சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அபாலோவுக்கு நினைவில்லை.

"எழுதாதீங்க" என்றாள்.

நமுகாசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. வண்டிகள் புறப்பட்டன. மஞ்சள் சட்டை பின்வண்டியில் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஓகிடியும் கையில் ஒரு பொட்டலம் கறியோடு, யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டார்.

வேர் கசக்கவில்லை, சரி. ஆனால் அவன் சொன்னது கசந்தது. வேர் செய்யவேண்டிய வேலையை அவன் வாய் செய்துவிட்டது, இனி ஓஜாராவுக்கும் கோபம் இருக்காது. இப்படித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டுதான் அபாலோ மகள் விரித்த பாயில் உட்கார்ந்தாள். உண்மை ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும், போதும். போதும் என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

லாகோட் தட்டைக் கொண்டுவந்து மண்டியிட்டு வைத்தாள். களி, செம்மறிக் கறி, எள்ளு அரைத்து விட்ட கீரை. கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

"சாப்பிடும்மா. என் கையால."

அபாலோ களியை உருட்டி, கீரையில் தோய்த்து வாயில் போட்டாள். லாகோட் அழுதாள். அபாலோவும் அழுதாள். ஐந்து வருஷத்துப் பசி அது, வயிற்றுப் பசி இல்லை. சுற்றியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

அடியெரோ தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் வீட்டுக்கு வரப்போகிற சந்தோஷம், கொஞ்சம் சாராயமும் உள்ளே போயிருந்தது. அபாலோவின் தொடையில் உரிமையோடு தட்டினாள்.

"நல்லாச் சாப்பிடு சம்பந்தி, வெக்கப்படாத. இனிமே ஒரே பானைதான். பிரசவத்துக்கு நீயே வந்து இரு, ஒரு மாசம் இரு. யாரு கேப்பா?"

"வரேன்" என்றாள் அபாலோ. அடுத்த உருண்டையை வாயில் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. இவ நேத்துவரைக்கும் சொல்லிட்டிருந்தா, ஆம்பளப் புள்ளயா பொறந்தா அவ அப்பன் பேர வெக்கணும்னு. நான்தான் வேண்டாம்னேன். மன்னிச்சது மன்னிச்சாச்சு, அது வேற. ஆனா ஒரு திருடன் பேரப் பச்சப்புள்ள தலையில ஏத்தலாமா? பேரு ஒட்டிக்கும் சம்பந்தி."

உருண்டை அபாலோவின் வாயில் நின்றது. அவள் மகளைப் பார்த்தாள்.

லாகோட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாயின் தட்டில் இன்னொரு துண்டுக் கறியை வைத்தாள். "அத்த சொல்றது சரிதான்மா" என்றாள், மெதுவாக, சமாதானமாக. "நானே யோசிச்சேன். இப்ப எதுக்கு அந்தப் பேரு? வேற நல்ல பேரா வெச்சுக்கலாம்."

துப்பமுடியாது. சமாதானச் சோற்றைத் துப்பினால் ரத்தம் மறுபடி திறந்துகொள்ளும். சொல்லவும் முடியாது, வேண்டாமென்று அவளே சொல்லியாயிற்று. பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு பத்தலையாம்மா?" என்றாள் லாகோட்.

அபாலோ விழுங்கினாள். "சரியா இருக்கு" என்றாள்.